எண்ணெய் தின்னும் கடலம்மை

தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே எல்லையைச் சர்க்கார் கமிஷன் வகுக்காது; கடலம்மையே வகுப்பாள். 1954இல் பாறசாலையில் இதை அறிவித்தவர் கடலடிச் சாமி. அவர் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை.

முறை எளிது. சாமி ஒரு குப்பியில் கடல்நீர் தருவார். அதில் ஒரு துளி எஞ்சின் ஆயிலும் ஒரு சிட்டிகைத் திருநீறும் போட்டு இரண்டு வாரம் வைக்க வேண்டும். எண்ணெய் மறைந்தால் நிலம் தப்பியது. மிதந்தால் எல்லைக்கோடு அந்த நிலத்தின்மேல்தான் விழும், சர்க்கார் எடுத்துக்கொள்ளும். வெள்ளறடையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வந்தது. ஞாயிறு காலை சர்ச் சபையில் பாடியவர்கள் மாலையில் குப்பியோடு நின்றார்கள். தமிழ்க் கட்சியும் மலையாளக் கட்சியும் அடிதடி இல்லாமல் சேர்ந்து நின்ற ஒரே வரிசை அது.

குன்னத்துகால் செல்லபாயின் குப்பியில் எண்ணெய் மிதந்தது. அவளுக்கு மரச்சீனிக் கிழங்கு விளையும் நாற்பது சென்ட். வேறு பிழைப்பு இல்லை.

"கோடு விழுமுன்ன வித்திரு மக்கா" என்றார் சாமி. வாங்கிக்கொள்ள அவர் மச்சான் சதாசிவன் தயார். என்ன கருணை!

செல்லபாயின் தங்கை ரத்னபாய், பள்ளியில் சயன்ஸ் டீச்சர். "அக்கா, எண்ணெ ஆருக்கெல்லாம் மறைஞ்சுது?"

"பாறக்காடு வச்சிருக்கியவனுக்கெல்லாம் மறைஞ்சுது."

"நல்ல மண்ணு வச்சிருக்கியவளுக்கு மட்டும் மிதக்குதோ?"

ரத்னபாய் பூவாரில் தானே கடல்நீர் மொண்டு வந்தாள். சாமியின் கூட்டத்துக்கு நடுவே, அக்கா நிலத்தின் பேரில், அந்த நீர் நிறைத்த இரண்டு குப்பிகளை வைத்தாள். "இதுல ஒண்ணக் காய்ச்சப் போறேன். பொறவு ரெண்டுலயும் எண்ணெயும் திருநீறும் இடுவேன். கடல்வெள்ளத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி உண்டு. எண்ணெயத் தின்னுதது அதாக்கும். காய்ச்சினா செத்துரும்."

சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "கடலம்மையக் காய்ச்சுதாளாம்! எலே, கஷாயமா போடுதா? காய்ச்சுத கை அழுவிப் போவும்!"

"ரெண்டாழ்ச்ச பொறுக்கேன்" என்றாள் செல்லபாய். "பொறவுதான் கையெழுத்து."

பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்று கண்டார்கள். எண்ணெய் தின்னும் கிருமி, தின்றதற்குத் தக்கபடி தன் உடம்புக் கொழுப்பின் அமிலங்களையே மாற்றிக்கொள்கிறதாம். இதில் என்ன அதிசயம்? தமிழ்க் கட்சி ராஜபாய் வீட்டில் மீன்கறி தின்ற அன்று சாமி 'தமிழ் வாழ்க' என்பார். மலையாளக் கட்சி ஸ்ரீகுமாரி வீட்டில் பாயசம் குடித்த அன்று 'ஐக்கிய கேரளம்' என்பார்.

இரண்டு வாரம் கழிந்தது. பச்சைநீரில் எண்ணெய் இல்லை. காய்ச்சிய நீரில் அப்படியே மிதந்தது.

"ஒரே கடலு, ஒரே எண்ணெ, ஒரே நிலம்" என்றாள் ரத்னபாய். "கடலம்மைக்கு ரெண்டு நாக்கா? அக்காக்குத் தந்த குப்பி பச்சைவெள்ளமா, காய்ச்சின வெள்ளமா? கும்பிடுமுன்ன சாமிக்க அடுக்களைய ஒருக்கா எட்டிப் பாருங்க!"

செல்லபாய் முன்னே நடந்தாள். கூட்டம் பின்னே போனது.

அடுக்களைக் கொல்லையில் அடுப்பின்மேல் பெரிய அண்டா, கொதிக்கும் கடல்நீர். விளிம்பெல்லாம் உப்பு. பக்கத்தில் நல்ல மண் வைத்திருப்பவர்களின் பெயர் எழுதிய குப்பிகள், வரிசையாக. சாமி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

காய்ச்சுகிற அந்தக் கை அழுகவில்லை.