தலைமைப் பண்பும் கடைசித் துண்டும்

தலைமைப் பண்பாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. வேட்புமனு போடும் வரை சாதாரண மனிதராக, மனைவிக்குப் பயந்துகொண்டு, கடையில் வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு நாயைத் திட்டிக்கொண்டு திரிகிற இந்தப் பிராணி, வேட்பாளரான மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்ததும், தொலைநோக்கு, துணிவு, பணிவு, அரவணைப்பு, உடனடி முடிவு எல்லாம் தன்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைக் கண்டு தானே மலைத்துப் போகும். நேற்று வரை இவையெல்லாம் எங்கே இருந்தன? கேட்காதீர்கள். அதைச் சமாளிக்கவும் ஒரு பண்பு கைவசம் வைத்திருப்பார்.

எல்லா நாட்டிலும் இது உண்டு. ஆனால் நன்றாகக் கொழுத்த உருப்படி ஒன்று வேண்டுமென்றால், அமெரிக்காவில் நான் வெகுகாலமாகக் குப்பை கொட்டும் மினசோட்டா மாநிலத்துக்குத்தான் வரவேண்டும். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி. ஊர் ஊராகச் சுற்றி, ஓட்டுக் கேட்டு, ஜெயித்துத்தான் நாற்காலியில் உட்கார முடியும். அந்த நாற்காலிக்குத்தான் ஆசைப்பட்டார் கோர்டன் ஸ்ட்ராண்ட்பெர்க்.

ஜன்னல் தொழிற்சாலை முதலாளி. நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். பிடித்த சனி ட்ரென்ட் என்ற பெயரில் வாஷிங்டனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது. ட்ரென்ட் பிரசார ஆலோசகர். அவர் வந்த பிறகு கோர்டன், மூக்கு விறைக்கும் குளிரிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டார். எதற்கு? வேலைக்குத் தயாராம். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "நான் பேச வரல, கேக்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து, காப்பி ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறும் வரை பேசினார். பணிவில் இந்த மாநிலத்தில் தனக்கு நிகரான ஆள் கிடையாது என்று ஒவ்வொரு மேடையிலும் அடித்துச் சொன்னார்.

ட்ரென்ட்டின் கொள்கை ரொம்ப எளிமையானது. "என்ன செய்வேன்னு சொன்னீங்கன்னா, வேண்டாம்னு சொல்ல நாலு பேர் கிளம்புவாங்க. நான் எப்பேர்ப்பட்டவன்னு மட்டும் சொல்லுங்க. அத எவனும் மறுக்க முடியாது." எவ்வளவு பெரிய ஞானம் பாருங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அக்டோபரில் கோர்டனின் சொந்த ஊரான எல்ம் ஃபோர்க்கில், சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து வந்தது. போட்டி நெருக்கம். அந்த வட்டாரம் யார் பக்கம் சாய்கிறதோ அவருக்குத்தான் நாற்காலி என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கோர்டனும் அவர் மனைவி மார்லிஸும் நீள மேஜையில் உட்கார்ந்தார்கள். ட்ரென்ட் காப்பிப் பாத்திரத்தருகே நின்று, தண்ணீரா காப்பியா என்று தெரியாத அந்தத் திரவத்தைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

எதிரே ஆர்டிஸ் ட்வெய்ட். கோர்டனோடு ஒரே வகுப்பில் படித்த பெண்மணி. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை வசந்த காலத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். நர்சுகளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையாம். அதற்கப்புறம் பிள்ளை பெற வேண்டுமென்றால் அடுத்த மாவட்டத்துக்கு ஓட வேண்டும். ஆர்டிஸின் மருமகள் அப்படிப் போகும்போதுதான், பீட்ரூட் வயல் ஓரமாக, காரின் பின்சீட்டில் பெற்றாள். பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல். ஊரில் இன்னும் மூன்று பெண்கள் மாசமாக இருந்தார்கள். சாலையையே மூடிவிடும் பனிக்காலம் வாசலில் நின்றது.

ஆர்டிஸ் சுற்றி வளைக்கவில்லை. "ஏம்ப்பா கோர்டன், உன் ரெண்டு பசங்களும் அங்கதானே பொறந்தாங்க. நீ ஜெயிச்சா அத மறுபடி திறப்பியா, மாட்டியா?"

பதில் கோர்டனிடம் இருந்தது. அதுதான் கொடுமை. சின்ன ஊர் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்தை மாநில அரசே ஏற்றுக்கொண்டால் திறந்துவிடலாம் என்று அவரும் மார்லிஸும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார்கள். ட்ரென்ட்தான் அதைப் பேச்சிலிருந்து வெட்டியிருந்தார். ‘திறப்பேன்’ என்ற ஒரு சொல் கோர்டனின் தொண்டை வரை வந்தது. காப்பிப் பாத்திரத்தின் பக்கம் பார்த்தார். ட்ரென்ட் தலையை லேசாகச் சாய்த்துக் காட்டினார். அவ்வளவுதான். கோர்டனும் தலையைச் சாய்த்து, நல்ல கேள்வி என்று பாராட்டி, தலைவன் என்பவன் முதலில் காது கொடுப்பவன் என்று தொடங்கி, தன் துணிவையும் தொலைநோக்கையும் வரிசையாக மேஜையில் பரப்பினார். தயங்காமல் முடிவெடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பண்பு என்று முடித்தார்.

ஆர்டிஸ் மறுபடி கேட்கவில்லை. விருந்து மேஜையில் இந்த ஊர்க்காரர்கள் யாரையும் வற்புறுத்த மாட்டார்கள். எலுமிச்சைக் கேக் தட்டை கோர்டன் பக்கம் நகர்த்தினார். அதில் ஒரே ஒரு துண்டு.

மினசோட்டாவில் தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை எந்த மனுஷனும் முழுசாக எடுக்க மாட்டான். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விடுவான். அடுத்தவன் அதில் பாதி. அதற்கடுத்தவன் அதிலும் பாதி. கடைசியில் எறும்புக்குக் கூடப் பற்றாத ஒரு துணுக்கு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் தட்டில் உட்கார்ந்திருக்கும். கோர்டனும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் அவர் இப்போது பண்பாளர் அல்லவா? கையைத் தூக்கித் தயங்கினால் பலவீனம் என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்களே. பளிச்சென்று எடுத்தார். முழுசாக. வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்படித்தான் முடிவெடுக்கணும்," என்றார், வாய் நிறையக் கேக்கோடு.

மேஜை முழுக்க முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. ஆர்டிஸ் மெதுவாகச் சொன்னார்: "ம். வித்தியாசமா இருக்கு."

இந்த ஊரில் இதைவிடக் கொடிய வசவு கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் ‘கொஞ்சம் சூடுதான்’ என்பவர்கள், ஒருவனை ‘வித்தியாசம்’ என்று சொல்லிவிட்டால், அவனைத் தலை முழுகிவிட்டார்கள் என்று அர்த்தம். கோர்டனுக்கு அது தெரியும். வெளியூர்க்காரர் ட்ரென்ட்டுக்குத் தெரியாது. முகமெல்லாம் பல்லாக அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மார்லிஸ்தான் காரை ஓட்டினார். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"அவ கேட்டது ஒரே கேள்வி. உனக்குப் பதில் தெரியும். ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கலாம்."

மார்லிஸ் காரை ஓரமாக நிறுத்தினார். "இன்னும் தட்டு கழுவிக்கிட்டுத்தான் இருப்பாங்க. திரும்பிப் போவோம். அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வந்துடு."

உடனடி முடிவுக்குப் பேர்போன கோர்டன் ரொம்ப நேரம் கண்ணாடி வழியாக இருட்டைப் பார்த்தார். பிறகு, "எதுக்கும் ட்ரென்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே," என்றார்.

மார்லிஸ் வண்டியைக் கிளப்பினார், வீட்டைப் பார்த்து.

அடுத்த வாரம் அந்த வட்டாரத்துச் சாலைகளிலெல்லாம் பெரிய பெரிய பலகைகள் முளைத்தன: ‘கோர்டன் ஸ்ட்ராண்ட்பெர்க் — வித்தியாசமான தலைவர்!’ மக்களே சொன்ன வார்த்தை என்று ட்ரென்ட்டுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எடுத்துவிடச் சொல்லி கோர்டன் முணுமுணுத்துப் பார்த்தார். தலைவன் தன் குழுவை நம்ப வேண்டும் என்று ட்ரென்ட் இன்னொரு பண்பை எடுத்துவிட்டார். அதற்கு மேல் கோர்டனால் என்ன சொல்ல முடியும்? ஊர் ஜனம் மட்டும் பலகைக்குப் பலகை காரை மெதுவாக்கி, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனது.

தோற்றார். எதிர்த்து நின்றவர் பிரமாதமான ஆள் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி அவரிடமும் ஆர்டிஸ் கேட்டார். "பணம் எங்கேருந்து வரும்னு தெரியலைங்க, ஆனா திறக்கப் பாக்கறேன்," என்றார் அவர். அந்த வட்டாரம் அதற்கே ஓட்டுப் போட்டது. திறக்கிறாரா இல்லையா என்று ஆர்டிஸ் மாதாமாதம் தொலைபேசியில் கேட்டுக் குடைகிறார். கோர்டனோ, மக்களுக்குத் தலைமைப் பண்பைக் கண்டுகொள்ளத் தெரியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றாக வேண்டும் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘ஒரே ஒரு நாள் என் கையில ஆட்சியக் குடுத்துப் பாருங்க’ என்று டீக்கடையில் நீங்கள் முழங்கியதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் வந்து, ‘உங்களால முடியுமா, முடியாதா?’ என்று ஒரு காரியத்தைக் கேட்டாரே, அப்போது நீங்கள், ‘நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாதா?’ என்று ஆரம்பித்தீர்கள். அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.