பதினோரு முறை மலையேறியவர்

மலைக்கோயிலுக்குப் போகிறவர்களில் பக்தர்கள் இருக்கிறார்கள், வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். இவர்கள் எவரோடும் சேராத தனி இனம் ஒன்று உண்டு: 'ஏற்கெனவே போய்வந்தவர்'. நீங்கள் புறப்படும் செய்தி வீட்டுச் சுவரைத் தாண்டிக் கசிந்தால் போதும், மறுநாள் காலை உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "எந்த ரயில்?" என்று கேட்பார். நீங்கள் எந்த ரயிலைச் சொன்னாலும் அது தப்பான ரயில். எந்த மாதத்தைச் சொன்னாலும் அது போகக் கூடாத மாதம். "அடடா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று அவர் தலையில் கை வைக்கும்போது, ஏதோ பெரிய பிழை செய்துவிட்டதுபோல உங்களுக்குக் கூச்சமாகிவிடும். ஆகவேண்டும். அதற்குத்தானே அவர் மெனக்கெட்டு வந்திருக்கிறார்?

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. தெருவே அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடுகிறது. பதினோரு முறை மலை ஏறியவர். மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். அந்த அம்மாளும் பதினோரு முறையும் கூடவே போயிருக்கிறார். ஆனால் அடிவாரம் வரைக்கும்தான். "உன் முட்டிக்கு அறுநூறு படி தாங்காது" என்று முதல் தடவையே தீர்ப்புச் சொல்லிவிட்டார் இவர். அப்போது அந்த முட்டிக்கு வயது இருபத்தெட்டு. அதற்கு ஒரு வலியும் கிடையாது. இருந்தாலும் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக ஒருவர் வேண்டுமே!

இந்த வருஷம் அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். சாப்பிடும்போது மெல்லச் சொன்னார்.

"இந்தத் தடவை நானும் மேல வரேங்க. ஆபரேஷனுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடறேன்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் டைம்கீப்பர். குடும்பத்தில் ஒருவர் 'பார்க்கலாம்' என்று இரண்டு தடவை சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மைத்துனரும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். அவர்கள் இருவருக்கும் இதுதான் முதல் தடவை. டைம்கீப்பருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பேருந்து நின்ற இடத்தில் தேநீர் குடிக்க விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் பிரமாதமாக இருக்கும் என்றார். அடுத்த நிறுத்தத்தில் அந்தக் கடையே இல்லை. "அன்னைக்கு இருந்துச்சு" என்றார், கடையின்மேல்தான் குற்றம் என்பதுபோல.

அடிவாரத்தில் பொருள்கள் வைக்கும் அறை ஒன்று பெரிய பலகையோடு திறந்திருந்தது. மைத்துனர் கைகாட்டினார்.

"மாமா, பையெல்லாம் அங்க குடுத்துடலாமே. அக்காவும் வரட்டும்."

"நான் பாக்காத ரூமா மாப்ளே? அதெல்லாம் நம்பக் கூடாது." மனைவி பக்கம் திரும்பினார். "நீ இங்கயே உக்காரு. உனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வரேன்."

அந்த அம்மாள் பைகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கல்மேடையில் உட்கார்ந்தார்.

படியில் கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. நம்மவர் படிப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கையை ஆட்டி இருவரையும் கூப்பிட்டார்.

"அண்ணா, போர்டுல படிப் பக்கம்தானே அம்பு போட்டிருக்கு?" என்றார் நர்ஸ்.

"போர்டு புதுசா வரவங்களுக்கும்மா. இது இருபதே நிமிஷம்."

இருபது நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. முள் புடவையைப் பிடித்து இழுத்தது. ஈரப்பாறையில் மைத்துனர் சறுக்கி விழ, கண்ணாடிக் கடைக்காரரின் கண்ணாடி பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஒரு கம்பி வேலி, வேலிக்குள் ஒரு பம்ப் அறை, அதன் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆபரேட்டர்.

"கோயிலுக்கா? இப்படிப் போக முடியாதுங்களே. இந்த வழியா தண்ணிக் குழாய் மட்டும்தான் போகும்."

"இதை எப்ப மாத்தினாங்க?" என்று அதட்டினார் டைம்கீப்பர்.

"நான் வேலைக்குச் சேந்து பத்தொம்பது வருஷமாச்சுங்க. அப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

கண் தெரியாத மைத்துனரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு மூவரும் அடிவாரம் வந்தபோது மணி பதினொன்றரை. கல்மேடை காலியாக இருந்தது. பைகள் இல்லை. செருப்புகள் இல்லை. அந்த அம்மாளும் இல்லை.

டைம்கீப்பர் கல்மேடைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். நாலடி தள்ளி நிற்பவர் முகமே தெரியாத கண். ஒரு பக்கம் பள்ளம். அங்குமிங்கும் ஓடி, கடைசியில் அவர் நம்பாத அந்த அறையில் போய் நின்றார். உள்ளே இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "அந்தம்மாவா? சாமானெல்லாம் இங்க வச்சுட்டு ஒம்பது மணிக்கே மேல போயிட்டாங்களே."

ஓடினார். 'அப்பல்லாம் இந்தக் கைப்பிடியே கிடையாது' என்று சொல்லவில்லை. இடப்பக்கமாகப் போகும்படி எவருக்கும் யோசனை சொல்லவில்லை. இருநூறு படி ஏறியபோது எதிரே மனைவி இறங்கி வந்தார், ஒரு கை கைப்பிடியில், மறு கை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளில்.

"சொல்லாம கொள்ளாம ஏன் போனே?" டைம்கீப்பர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கேட்டார்.

"சொல்லாமலா? முப்பது வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

இருவரும் படியோரம் உட்கார்ந்தார்கள். டைம்கீப்பர் கேட்டார்: "முட்டி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு." பிறகு அந்த அம்மாளே பேசினார். "சாமி எவ்வளவு சின்னது! ஒரு முழம்கூட இல்லை. கண்ணு சரியா தெரியலைன்னு சொன்னேன். பூசாரி விளக்கைச் சாமி முகத்துக்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். உதடு தேஞ்சுபோயிருக்கு. சிரிக்குதா இல்லையான்னு தெரியலை. நீங்க ஏங்க எல்லார்கிட்டயும் ஆளுயரம்னு சொல்றீங்க?"

டைம்கீப்பர் நினைத்துப் பார்த்தார். பதினோரு முறை. முன்னால் நின்றவரின் வழுக்கைப் பிடரி ஞாபகம் வந்தது, தள்ளிவிட்ட காவலாளியின் கை வந்தது, தன் கைக்கடிகாரம் வந்தது, "நகருங்க, அந்தப் பக்கமா நில்லுங்க" என்ற தன் குரல் கணீரென்று வந்தது. சாமி வரவில்லை.

நர்ஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அண்ணா, பன்னண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்களாம். இனிமே நாலு மணிக்குத்தான். நம்ம பஸ் ரெண்டு மணிக்கு."

பணிமனையில் ஒரு நிமிஷத் தாமதத்துக்கு ஓட்டுநர்களை வறுத்தெடுத்த மனிதர் மனைவியைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் இருக்கலாமா?"

"பஸ்ஸு?"

"போகட்டும்."

நாலு பேரும் இருந்தார்கள். நாலு பேரும் படிவழியாகவே ஏறினார்கள். மனைவி முன்னால், இவர் கடைசியில், வாயைத் திறக்காமல். நம் கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் சன்னதியில் இவருக்கு முன்னால் ஒரு மனிதர் தூணுக்குப் பின்னால் தப்பான இடத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துத் தொலைத்தார். டைம்கீப்பர் பல்லைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். முடியவில்லை. "சார், இப்படி வலதுகைப் பக்கம் வந்தீங்கன்னா..." என்று அவரை நகர்த்தி, சரியாக நிறுத்தி, நிமிர்ந்தபோது காவலாளியின் கை முதுகில் விழுந்தது. வெளியே வந்துவிட்டார்.

போன வாரம் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி ஒரு முழம்தான் இருக்கும். உதடு தேஞ்சிருக்கும். கிட்டப்போய்ப் பாத்தாத்தான் தெரியும்." ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நீங்கள் இப்போது உங்கள் மாமனாரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். படித்துக்கொண்டே வரும்போது, 'இவங்க விடியறதுக்கு முன்னாடியே ஏறியிருக்கணும்' என்று நடுவில் எங்கேயாவது முணுமுணுத்தீர்களா? பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு நாள் எங்கேயோ போய்வந்தார்களே, போகும்போது உங்களிடம் மூச்சுக்கூட விடவில்லையே, அது ஏன் என்று யோசித்தீர்களா?