கத்திரி மேடம் வெட்டிய பாடத்திட்டம்

திருப்பதியில் இருக்கும் அத்தனை பேராசிரியர்களையும் ஒரே நாளில் கதிகலங்க வைக்கக்கூடியவர் எங்கள் கத்திரி மேடம் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையில் அவர் தற்காலிக ஆசிரியை, நான் டைப்பிஸ்ட். பிடிக்காத பாடத்திட்டத்தை அவர் திருத்தமாட்டார். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுவார். மறுபடி முதலிலிருந்து டைப் அடிப்பது என் தலையெழுத்து.

அந்த வருடம் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க்காரர்களுக்குத் தெலுங்கு வாசிக்கச் சொல்லித்தர ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்க இருந்தோம். கிரெடிட் கிடையாது, பட்டமும் கிடையாது. வருகிறவர்கள் தெலுங்கைச் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் ஆபீசில் நீட்டுகிற தெலுங்குக் காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பறிபோன நிலத்துக்காக அலைவார்கள்.

டைரக்டர் சார் ஐந்து யூனிட் தயாரித்தார். முதல் யூனிட், லிபியின் தோற்றமும் வளர்ச்சியும். கடைசியில் பரீட்சை. மேடம் ஐந்தையும் வெட்டிப்போட்டுவிட்டு ஒரே வரி எழுதினார்: 'வருகிறவர் கொண்டுவரும் காகிதம்தான் அன்றைய பாடம்.'

"லேது மேடம், இது சிலபஸே இல்ல. ஃபார்மட்ல வரலேன்னா கமிட்டி கோர்ஸையே கேன்சல் பண்ணிடும்" என்றார் சார்.

"எழுத்து எப்ப பொறந்துச்சுன்னு தெரிஞ்சிக்கினு அவங்க இன்னா சார் பண்றது? நோட்டீசுல இன்னா எழுதிக்கிதுன்னு தெரியணும்."

கமிட்டி கூடிய அன்று காலை மேடம் என்னைத் தமிழில் ஒரு பக்கம் அடிக்கச் சொன்னார். கமிட்டியில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. டீயோடு அந்தக் காகிதத்தையும் சுற்றுக்கு விட்டார். வருகைப் பதிவு என்று நினைத்து கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து டைரக்டருடையது, பச்சை மையில்.

மேடம் எழுந்து நின்று வாசித்தார்: "'ஐந்து யூனிட் வேண்டாம். பரீட்சையும் வேண்டாம். மேடத்தின் பாடத்திட்டத்தை முழுமனதோடு ஏற்கிறோம்.'"

சார் முகம் சிவந்துவிட்டது. "இது மோசம் மேடம்."

"ஆமா சார், மோசந்தான். எங்க பக்கம் தெனம் நடக்குது. இத்தினி படிச்ச நீங்களே இன்னா ஏதுன்னு கேக்காம போட்டுட்டீங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

கடைசி நாற்காலியில் இருந்த வயதான பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். பாடத்திட்டம் பாஸாகிவிட்டது.

சார் மறக்கவில்லை. மூன்றே மாதத்தில் மேடத்துக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று ஆர்டர் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பில்லாம அடிச்சிக்கிற. சனிக்கிழம ரூம தொறந்து வை."

"மேடம், இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"வேலையத்தானே எடுத்துக்கினாங்க? கிளாஸ யாரு எடுத்தது?"

சனிக்கிழமை காலை வந்து நின்றார். பின்னால் இருபது பேர், ஆளுக்கொரு காகிதத்தோடு. நான் பூட்டைத் திறந்துவிட்டேன். என் வேலையும் போகலாம் என்று தெரியும். அந்த மனுஷிக்காகப் போனால் போகட்டும் என்றிருந்தது.