மந்திரிமார் படித்த நக்கல்

கொடிமங்கல நாட்டில் ராஜா உண்டு, மந்திரிகள் உண்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தலும் உண்டு. ஆள்கிறவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?

கடைவீதியில் டீக்கடை வைத்திருந்த காத்தவராயன், ராஜா திறந்துவைத்த குடிநீர்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "அடேயப்பா, காத்து என்னமா வருது! இனி வீட்டுக்கு விசிறியே வேண்டாம்யா."

பக்கத்தில் நின்ற பெரிய மந்திரிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அங்கேயே பொன்னாடை போர்த்தினார். கடைவீதி மூன்று நாள் விழுந்து விழுந்து சிரித்தது. நாலாம் நாள்தான் அரண்மனைக்கு உறைத்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள்.

ராஜா உத்தரவு போட்டார்: "இனி நக்கல் குற்றம். அதைப் பிடிக்க மந்திரிகள் நக்கல் படிக்க வேண்டும். காத்தவராயன் கற்றுக்கொடுப்பான். அனைவரும் தேறினால் கடை திரும்பக் கிடைக்கும்."

அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. போனான். ராஜா வாக்கை நம்பி அல்ல. போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம்பி.

பன்னிரண்டு மந்திரிகள் சிலேட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இல்லாத ஒண்ணை இருக்கிற மாதிரி ஒருத்தன் புகழ்ந்தா, அது நக்கல். அவ்வளவுதான் பாடம்."

"'இல்லாத' என்பதை உறுதிசெய்ய அரசாணை எண் உண்டா?" என்றார் பெரிய மந்திரி.

"வயித்தைக் கேளுங்க சாமி, அது சொல்லும்."

படித்த சூட்டோடு மந்திரிகள் தெருவில் இறங்கினார்கள். 'சுகந்தான்' என்று சொன்ன நோயாளியைப் பிடித்தார்கள். கல்யாண வீட்டில் சாம்பாரைப் புகழ்ந்த சம்பந்தியைப் பிடித்தார்கள். ராஜாவுக்கு வாழ்த்துப் பேனர் கட்டிய சொந்தக் கட்சிக்காரர்கள் நாற்பது பேர் உள்ளே போனார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டால்தான் வீடு போய்ச் சேரலாம் என்றாயிற்று.

பரீட்சைக்கு ராஜாவே தன் பிறந்தநாள் உரையைக் கொண்டுவந்தார். "நக்கல் கலக்காத பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நக்கல் இருந்தால் கோடு போட்டுக் காட்டுங்கள்."

'வீடில்லாதவர் எவருமில்லை. பசித்தவர் எவருமில்லை. குழாய்தோறும் தண்ணீர்.'

பன்னிரண்டு பேரும் ஒழுங்காகப் படித்தவர்கள். வரிக்கு வரி கோடு போட்டார்கள்.

தாள்கள் காத்தவராயன் கைக்கு வந்தன. சரி என்று போட்டால் ராஜா குற்றவாளி. தப்பு என்று போட்டால் கடை போச்சு.

"என்ன விழிக்கிறாய்? திருத்து," என்றார் ராஜா.

"நீங்களே சொல்லிருங்க மகாராஜா. நீங்க பேசினது நக்கலா, பொய்யா? மூணாவதா ஒண்ணு எனக்குத் தெரியலை."

ராஜா தாடியைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"நக்கல்தான்!"

மந்திரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று மாலையே அரசாணை வந்தது: மன்னர் செய்யும் நக்கல் குற்றமாகாது, கலையாகும். அவருடைய வாக்குறுதிகள் யாவும் நகைச்சுவை எனக் கொள்ளப்படும். அவற்றை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் நக்கல் புரியாதவர்கள். அவர்கள் அனைவரும் தேறும்வரை வகுப்பு நடக்கும், டீக்கடை மூடியிருக்கும்.

மறுநாள் வகுப்பில் நாடே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் செங்கல் சுமக்கிற அங்கம்மா கையைத் தூக்கினாள்.

"அண்ணே, வெள்ளத்துல போன வீட்டைக் கட்டித் தர்றேன்னாரே. அதுவும் சிரிக்கத்தானா?"

"சிரிச்சிரு தாயி. நீ தேறாம எனக்குக் கடை இல்லை."

அங்கம்மா வாயைத் திறந்து பார்த்தாள். வரவில்லை.