கோல்டு டிரபிள்

இனிமேல் குடத்தைத் தொடுவதில்லை என்று பூவனலிங்கம் சபதம் எடுத்தபோது அவருடைய இரண்டு கைகளிலும் குடம் இருந்தது. இடுப்பு வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மார்கழி மாதம், காலை ஐந்தேகால் மணி. கோவில்பட்டியில் அந்தத் தெருக்குழாய்க்குத் தண்ணீர் வருகிற நேரம் அதுதான்.

எல்லாம் அந்த மோட்டார் பைக்கால் வந்தது. பஞ்சு அரவை மில்லில் கிளார்க்காக இருந்த பூவனலிங்கம், ஐப்பசியில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே உதை, ‘படபட’வென்று சத்தம், தெருவே திரும்பிப் பார்க்க மில்லுக்குப் போவது என்பது அவர் கண்ட கனவு. தெரு திரும்பிப் பார்க்கத்தான் செய்தது. நாற்பது உதை உதைக்கிற மனுசனை யார்தான் பார்க்கமாட்டார்கள்? பனி விழுகிற காலையில் வண்டி இருமும், தும்மும், அப்புறம் செத்துப்போகும். எட்டு மணிச் சங்குக்கு மில்லில் இருக்கவேண்டுமானால் ஐந்து மணிக்கே உதைக்க ஆரம்பிக்கவேண்டும். அவர் உதைக்கிற இடத்திலிருந்து குழாய் நாலே எட்டு.

“சும்மா மூச்சு வாங்கிக்கிட்டுதான நிக்கிய, அந்தக் குடத்தை மட்டும் இங்கன எடுத்து வையுங்களேன்” என்றாள் மனைவி சொர்ணத்தாய், முதல் நாள். ஒரு குடம் மூன்றாயிற்று. மூன்று பன்னிரண்டாயிற்று. “பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு அடுத்தாப்ல நானு” என்று பெண்கள் வரிசையில் இடம் பிடிக்கிற அளவுக்கு அவர் குழாயடியில் பெரிய மனிதராகிவிட்டார்.

அதனால்தான் சபதம்.

“ஏட்டி சொர்ணம், கேட்டுக்கோ. இந்த வண்டி என்னைக்கு ஒரே உதையில கெளம்புதோ, அன்னையிலேர்ந்து நான் குடத்தைத் தொடமாட்டேன்.”

“கெளம்பலைன்னா?”

“பொங்கலுக்குள்ள கெளம்பலைன்னா வண்டியை வித்துருதேன்.”

“சரி. அதுவரைக்கும் கையில இருக்க குடத்தைத் தளும்பாமக் கொண்டாங்க.”

வாய்விட்ட பிறகுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். வண்டியை அவ்வளவு பிரியமாக வைத்திருந்தார். பெண்டாட்டி பக்கத்தில் இல்லாத நேரத்தில் அதைத் தடவிக்கூடக் கொடுப்பார். பொங்கலுக்கு இருபது நாள்தான் இருந்தது.

மெக்கானிக் கொம்பையா வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தான். “அண்ணாச்சி, இது கோல்டு டிரபிள். குளிருக்குக் கார்புரேட்டர் வெறைச்சுக்கிடுது. சோக்கை நல்லா இழுத்துவிடுங்க. பக்கத்துல பித்தான் இருக்குல்லா, பெட்ரோல் கசியற வரைக்கும் அமுக்குங்க. பொறவு மிதிங்க.”

பூவனலிங்கம் அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார்.

“கோல்டா? கோல்டுன்னா தங்கம்னுல்லா சொல்லுவாவ” என்றாள் சொர்ணத்தாய்.

“இது வேற கோல்டு. குளிரு. சோக்கை இழுக்கணும்.”

“ஒங்க சோக்குக்கு என்ன கொறைச்சல்? இழுங்க.”

இழுத்தார். பித்தானை அமுக்கினார். பிளக்கைக் கழற்றி அடுப்பில் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரையே பிரித்து இட்லித் தட்டில் பரப்பினார். சொர்ணத்தாயின் கொண்டை ஊசியால், பெட்ரோல் வருகிற ஜெட் ஓட்டையைக் குத்தினார். மறுநாள் இட்லி பெட்ரோல் மணத்தது. அதற்கு மறுநாள் வெந்நீரில் துணியை முக்கிக் கார்புரேட்டருக்கு ஒத்தடம் கொடுத்தார்.

“காப்பிக்கு வச்ச வெந்நியை எங்க?”

“கார்புரேட்டருக்கு ஊத்திட்டேன்.”

“அப்ப ஒங்க காப்பியை அந்தக் காப்பிரேட்டர்கிட்டயே கேட்டு வாங்கிக் குடிங்க.”

வண்டி மசியவில்லை. முப்பத்தைந்து, நாற்பது என்று உதைத்து ஓய்ந்து, ‘பெட்ரோல்தான் இல்லையோ’ என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடியைப் போட்டு உதைப்பார். உடனே கிளம்பிவிடும். இத்தனை நாளும் அதைத் தன் கால் பலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால், மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் கேட்டது. டேங்க் மூச்சை உள்ளே இழுத்த சத்தம். பூவனலிங்கம் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டமான மூடி, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“ஏட்டி சொர்ணம்! இதுல பொட்டு வச்சது யாரு?”

“நாந்தான். சாயந்தரம் வெளக்கேத்தி சாமிக்கு வைக்கையில வண்டிக்கும் வைக்கேன். உருண்டையா நெத்தி மாதிரி இருந்துச்சு. பொட்டு வைக்கதுக்குன்னே நடுவுல புள்ளியும் போட்டிருந்தான்.”

பூவனலிங்கம் சிரித்த சிரிப்பில் குழாயடிக் குடங்கள் எல்லாம் திரும்பின. “எண்ணெ டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெ எறங்குமா? எறங்காது. காத்து போக ரெண்டாவது ஓட்டை போடணும். அதே கணக்குதான் இங்கயும். காத்துப் போற ஓட்டையை நீ அடைச்சுட்டே. பெட்ரோல் எப்படி எறங்கும்? கொம்பையா சரியாத்தான் சொல்லிருக்கான். கோல்டுன்னா தங்கம், தங்கம்னா சொர்ணம். இது சொர்ணம் டிரபிள்!”

சொர்ணத்தாய் கன்னத்தில் கைவைத்து முழுவதையும் கேட்டுக்கொண்டாள். “எவ்வளவு வெவரம் ஒங்களுக்கு!” என்றாள். கல்யாணமான பதினோரு வருசத்தில் அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பொட்டைத் துடைத்து ஓட்டையைச் சுத்தம் செய்தார். மறுநாள் காலை ஒரே உதை. வண்டி கிளம்பியது. தெரு கைதட்டாத குறை.

“சொன்னது சொன்னதுதான். இனிமே நீங்க குடத்தைத் தொடவேண்டாம்” என்றாள் சொர்ணத்தாய். “வண்டிக்கு ரெண்டு பக்கமும் கொக்கி மட்டும் வேணும். பை கிய் மாட்டிக்கிடலாம். நானே கொம்பையா அண்ணாச்சிகிட்டச் சொல்லிக்கிடுதேன்.”

ஜெயித்தவருக்குத் தாராள மனசு. சரி என்றார். பொங்கல் சாப்பாடு அந்த வருசம் தனி ருசியாக இருந்தது.

தை பிறந்த நாலாம் நாள் தெருக்குழாய், வருசாவருசம் வற்றுகிற வழக்கப்படி, வெறும் காற்றை ஊதியது. அடுத்த நாள் விடிகாலையில் அவருடைய போர்வை உருவப்பட்டது. வாசலில் பைக். இரண்டு கொக்கியிலும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்.

“என்னட்டி இது?”

“பசுவந்தனை ரோட்டுக் கெணத்துல நல்ல தண்ணி கெடைக்குதாம். மூணு மைலு. ஒரே உதையில போயிட்டு வந்துரலாம்.”

“குடத்தைத் தொடமாட்டேன்னு சபதம் போட்டேன்ல?”

“ஒங்களைக் குடத்தைத் தொடச் சொல்லி வாயைத் தெறந்தேனா? இது கேனு.”

மூன்று நாள் போனார். உண்மையைச் சொன்னால், கரிசக்காட்டுக்கு நடுவில் மிளகாய்ச் செடியெல்லாம் பனியோடு நிற்க, வண்டி சீராகப் பாடிக்கொண்டு போனது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கம் தூக்கம்தான். மூன்றாம் நாள் சாயந்தரம், சொர்ணத்தாய் பக்கத்து வீட்டுக்குப் போன சமயம், சாமி மாடத்திலிருந்து சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்தார். மூடியின் ஓட்டையில் அழுத்தி, எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்தார். அதன்மேல் பக்தியோடு குங்குமம்.

காலையில் கேனை மாட்டி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “இன்னைக்குக் குளிரு சாஸ்தி” என்று சொல்லியபடி உதைத்தார்.

ஒரே உதை. படபடவென்று கிளம்பிவிட்டது.

பூவனலிங்கம் மூடியைப் பார்த்தார். பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மனைவியைப் பார்த்தார்.

கேன் மூடியைத் திருகிக்கொண்டே சொர்ணத்தாய் சொன்னாள்: “நீங்க சொன்ன எண்ணெ டின் கணக்குதான். கொக்கி மாட்டுன அன்னைக்கே கொம்பையா அண்ணாச்சிகிட்டச் சொல்லி, டேங்க் மூடி ஓரத்துல ரெண்டாவது ஓட்டை போட்டாச்சு. நீங்க ஆசை தீரப் பொட்டு வச்சுக்கிடுங்க.”