கூப்பிட்ட குரலுக்கு ‘யாரு?’ என்பவர்

சந்தேகப்படுவதையே பிறவிப் பயனாகக் கொண்ட ஓர் இனம் நம்மிடையே உண்டு. தெரிந்த முகத்தையும் ‘யாரு நீங்க?’ என்று கேட்கும். பதில் சரியாக இருந்துவிட்டால் சற்று வருத்தப்படும். நீங்கள் பார்த்ததில்லையா? திருவண்ணாமலைக்கு வாருங்கள். தான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அறை எடுத்துத் தங்கும் ஊரில், ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் அறிவுச்செல்வன் அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், டாக்டருக்குக் காத்திருந்த நேரத்தில், சுவரிலிருந்த நெட்வொர்க் சாக்கெட்டில் தன் லேப்டாப்பைச் செருகி கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டார். வேறு ஆளாயிருந்தால் வயரைப் பிடுங்கியதோடு விட்டிருப்பார். அறிவுச்செல்வனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத பூட்டுப் போட்டார். செருகிய கணினி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். மாடியிலுள்ள சர்வர் சம்மதித்தால்தான் வழி திறக்கும். அதிலும் கீழ்த்தளத்துக் கணினி கீழ்த்தளத்தில் மட்டும், மாடிக் கணினி மாடியில் மட்டும். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதி ஒட்டினார்.

இதுவரை நியாயம்தான். அத்தோடு நின்றால் அவர் அந்த இனமா?

ஒவ்வொரு தளத்திலும் வயர்களெல்லாம் வந்து கூடும் பெட்டி ஒன்று இருந்தது. ஸ்விட்ச் என்பார்கள்; விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீழ் ஸ்விட்சையும் மேல் ஸ்விட்சையும் ஒரே ஒரு வயர் இணைத்தது. அந்த வயரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லையே என்ற எண்ணம் ஒரு பௌர்ணமி காலையில் அவரைப் பிடித்தது. கீழ்த்தளத்தில் தன் இருக்கையிலிருந்தபடியே அதற்கும் பூட்டுப் போட்டார். மேல் ஸ்விட்ச், ‘யார் நீ?’ என்றது. பதில் சொல்லக் கீழ் ஸ்விட்சுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பூட்டுப் போட்டவரின் கணினியோடு சேர்த்து, கீழ்த்தளம் மொத்தமும் அறுந்துபோனது.

அந்த நேரம் பார்த்து, கிரிவலத்தில் அடி அண்ணாமலை அருகே சுருண்டு விழுந்த சின்னசாமி என்பவரை ஆட்டோவில் தூக்கிவந்து மாடியில் சேர்த்தார்கள். கீழே லேபில் கவியா அவர் ரத்தத்தைச் சோதித்தாள். உப்பு அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. முடிவை மாடிக்கு அனுப்பினாள், போகவில்லை. அறிவுச்செல்வனுக்குப் போன் செய்தாள். அவர் பெயர் கேட்டார், பிரிவு கேட்டார்.

“எதிர் ரூம்லதான் சார் இருக்கேன். உங்களப் பாத்துக்கினுதான் பேசறேன்” என்றாள்.

ஊழியர் எண் என்ன என்றார். கவியா போனை வைத்துவிட்டுப் படியேறி ஓடினாள்.

அவள் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு டாக்டர் வேதா அதற்கேற்ற டிரிப்ஸ் ஏற்றினார். பிறகு அறிவுச்செல்வனை மாடிக்குக் கூப்பிட்டுப் பூட்டை எடுக்கச் சொன்னார். அவர் தன் லேப்டாப்பை மாடிச் சாக்கெட்டில் செருகினார். கீழ்த்தளத்துக் கணினிக்கு இங்கே வேலையில்லை என்று சர்வர் மறுத்தது. மறுபடி செருகினார். மறுபடி மறுத்தது. அவருக்கு வியர்த்தது, கூடவே, சொல்லக் கூச்சமான ஒரு பெருமிதமும் எட்டிப்பார்த்தது. எவ்வளவு சரியாக வேலை செய்கிறது.

“மேடம், உங்க கம்ப்யூட்டர்லருந்துதான் போவணும். பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்றீங்களா?”

டாக்டர் சுவரில் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்துவிட்டுத் திரும்பினார்.

“நீங்க யாருங்க?”

அறிவுச்செல்வன் பெயரைச் சொன்னார். பிரிவைச் சொன்னார். ஊழியர் எண்ணையும் சொன்னார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டு முடித்து, தானே பாஸ்வேர்டை அடித்துத் திறந்து, எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். கீழ்த்தளம் உயிர்பெற்றது.

சாயங்காலம் சின்னசாமி கண் விழித்தபோது, அவ்வழியாகப் போன அறிவுச்செல்வனிடம்தான் முதலில் பேசினார். “தம்பி, நான் எங்க கீறேன்?” நல்ல மனதோடு அருகில் போய்க் குனிந்த அறிவுச்செல்வன், “உங்க பேரு?” என்றார்.

நடந்தது பற்றி அவர் நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தார்: பொறுப்பாளரே உள்ளே நுழைய முடியாத அளவுக்குப் பாதுகாப்பு சிறப்பாக இருக்கிறது. நிர்வாகம் மகிழ்ந்து, இன்னொரு கிளையிலும் இதையே செய்யச் சொல்லியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் தம்பி புது நம்பரிலிருந்து பேசினான். குரல் உங்களுக்குத் தெரிந்தது. இருந்தாலும் அவன் அப்பா பெயரைக் கேட்டீர்கள். அவன் சரியாகச் சொன்ன பிறகும் சற்று யோசித்தீர்களே, அது ஏன்?