பாரிசில் மச்சான் வீட்டுப் படி மிதியேன்

அந்தச் சபதத்தை நான் நியூசிலாந்தில், ஓக்லாந்தின் லின்ஃபீல்டில், சொந்த வீட்டுக் குசினியில், தேங்காய் துருவியபடியே எடுத்தேன். வீர சபதம் எடுக்கிறவர்கள் பொதுவாகக் கையில் வாள் வைத்திருப்பார்கள். என் கையில் பாதித் தேங்காய் இருந்தது. அதற்காகச் சபதத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம்.

"வசந்தி, இந்த வருசம் நாங்கள் பிரான்சுக்குப் போறம்" என்றேன். "ஒரு கிழமை. கொஞ்சம் பாரிஸ், கொஞ்சம் நாட்டுப்புறம். ஆனா ஒண்டு. உம்மட அண்ணை வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

என் மனைவி வசந்தமலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அது வெங்காயத்துக்கு.

"ஏன், அண்ணை உங்களுக்கு என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. சோறு போடுவார். அதுதான் பயம்."

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். என் விடுமுறைகள் அத்தனையும் வசந்தமலரின் சொந்தக்காரர் வீட்டுச் சோபாக்களில் கழிந்திருக்கின்றன. லண்டனுக்குப் போனேன். பார்த்தது நான்கு வரவேற்பறை. கனடாவுக்குப் போனேன். நயாகரா எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டால் தெரியாது. ஆனால் சின்னமாமியின் மூத்தவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு வீடியோவில் கமெராக்காரர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்று கேளுங்கள், சொல்லுவேன். அந்த வீடியோவை இரண்டு முறை முழுதாகப் பார்த்தவன் நான். இரண்டாவது முறை, முதல் முறை நித்திரையாகிவிட்ட மாமாவுக்குத் துணையாக. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தட்டில் ரோல்ஸ், ஒரு தட்டில் கேக். நான் மென்றுகொண்டிருக்கும்போதே "நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை" என்பார்கள்.

பாரிசில் இருப்பவர் ஏரம்பமூர்த்தி. வசந்தமலரின் ஒரே அண்ணன், எனக்கு மச்சான். தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறை, அவரைச் சுற்றி எப்போதும் பதினைந்து பேர் இருப்பார்கள். எனக்கோ மனைவியோடு ஒரு தெருவில் தனியாக நடக்க வேண்டும். நடுவில் ஒரு சித்தப்பாவும் வரக்கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

வசந்தமலர் கத்தியைக் கீழே வைத்தாள். "சரி. நீங்களா உங்கட வாயால கேட்டாலொழிய உங்களை அண்ணை வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன். காணுமோ?"

"சத்தியமா?"

"தேங்காயைத் துருவுங்கோ."

இவ்வளவு சுலபமான வெற்றி எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் லேசுப்பட்ட ஆளில்லை. ஓக்லாந்தில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவது என் தொழில். நான் போடுகிற நேரத்துக்கு பஸ் வருவதில்லை என்றால் அது பஸ்ஸின் குற்றம். திட்டம் என்றால் நான்தான். ஆகவே பிரான்சுக்கும் நானே திட்டம் போட்டேன்.

முதல் சண்டை, எந்த மாதம் என்று.

"ஜூலையில போவம்" என்றாள்.

"ஜூலையில ஆராவது வருவினம் எண்டு உம்மட அண்ணை வாசலைப் பாத்துக்கொண்டு நிப்பார். ஆகஸ்ட்."

"ஐயோ, ஆகஸ்ட் வேண்டாமே."

"ஆகஸ்ட்தான். அப்ப அவர் வேலையில நிப்பார்."

பெருமூச்சு விட்டாள். எனக்கு முதல் வெற்றி.

அடுத்தது, நகரத்துக்கு எத்தனை நாள், நாட்டுப்புறத்துக்கு எத்தனை நாள். அவள் பாரிசுக்கு ஐந்து, நாட்டுப்புறத்துக்கு இரண்டு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழர்கள் இருப்பது நகரத்தில். ஆபத்தும் அங்கேதான். நாட்டுப்புறத்தில் இருப்பது மாடு. யாழ்ப்பாணத்தில் நீங்கள் எந்த ஊர் என்று மாடு கேட்காது.

"மாத்திப் போடுறன். பாரிஸ் ரெண்டு, நாட்டுப்புறம் அஞ்சு."

"அஞ்சு நாள் மாட்டோட என்ன செய்யிறது?"

"கதைக்காமல் இருக்கிறது."

கடைசியாகத் தங்குமிடம். "எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு அறை காணும்" என்றாள். விபரம் தெரியாதவள். ஒரு அறை எடுத்தால் பக்கத்து அறையில் ஒருவர் இருப்பார். இருந்தால் கதைப்பார். கதைத்தால் அவருக்கு ஏரம்பமூர்த்தியைத் தெரிந்திருக்கும். எனவே ஒரு பழைய பண்ணை வீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்தேன். எட்டு அறை, சுற்றிவர வயல். அயல்வீடு கண்ணுக்கே தெரியாது.

"ரெண்டு பேருக்கு எட்டு அறையே? உங்களுக்கென்ன விசரோ?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அறையில படுப்பம்."

"வேண்டாமப்பா. சொன்னாக் கேளுங்கோ."

"எடுத்தாச்சு."

மகள் ராகவி யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "டாட், யூ நோ ஷி இஸ் லெட்டிங் யூ வின், ரைட்?"

"நீ கதைக்காமல் படி" என்றேன். தமிழில் பதில் சொல்ல வராத பிள்ளைக்கு இல்லறத்தைப் பற்றி என்ன தெரியும்?

ரகசியம் மிக முக்கியம். பத்து நாள், உள்நாட்டிலேயே இருக்கிற ரொட்டோருவாவுக்குப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தமலர் வைபரில் அண்ணனோடு கதைக்கும்போது பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். பிரான்ஸ் பயணம் பற்றி அவள் ஒரு சொல் விடவில்லை. எனக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

கஷ்டம் கொடுத்தது பக்கத்து வீட்டு சுந்தரம் மட்டும்தான். மதுரைக்காரர். எங்கள் குப்பைத்தொட்டியை வீதியோரம் வைக்கச் சொல்லிப் புறப்படுகிற அன்று அவரிடம் போனேன்.

"ரொட்டோருவாவுல பத்து நாளா? அங்க என்ன பண்ணுவீங்க மகேசன் சார்?"

"வெந்நீர் ஊற்றில குளிக்கிறது."

"பத்து நாளுமா?"

"முதுகு நோ."

"முதுகு வலிக்கு எதுக்கு சார் கையில பாஸ்போர்ட்?"

குப்பை செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாரிசில் இறங்கியதும் தொப்பி போட்டேன். கறுப்புக் கண்ணாடியும் போட்டேன். ஐஃபல் கோபுரத்துக்குக் கீழே போய் நின்றோம். தொப்பியை உயர்த்தினால் என் முகம் தெரியும். உயர்த்தாவிட்டால் கோபுரம் தெரியாது. முகத்தைக் காப்பாற்றினேன். கோபுரத்தின் நான்கு கால்களையும் நன்றாகப் பார்த்தேன்.

அங்கே நம்மவர் சாயலில் ஒருவர் என்னை நோக்கி வந்தார். ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரும் தூணுக்குப் பின்னால் வந்து எனக்குச் சாவி மாட்டுகிற ஓர் ஐஃபல் கோபுரத் திறப்புக்கோர்வை விற்றார். வங்காளி.

"லாசப்பலுக்குப் போய் ஒரு தோசை சாப்பிடுவமே" என்று கேட்டாள் வசந்தமலர். பாரிசில் தமிழ்க்கடைகள் வரிசையாக இருக்கிற தெரு அது. சிங்கத்தின் வாய்க்குள் தலையை விடு என்கிறாள். முடியாது என்றேன். நீளமான வெறும் பிரெஞ்சுப் பாணைக் கடித்துக்கொண்டு நடந்தோம். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. தெருக்களில் உல்லாசப் பயணிகளைத் தவிர ஆளில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த ஊரில சனத்தையே காணேல்லை."

"பாத்தீரோ? அதுதான் திட்டமிடல்."

இரண்டாம் நாள் பின்னேரம் ஆற்றங்கரையில் நடந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு சித்தப்பாவும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. அவள் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்கான சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ரயிலில் நாட்டுப்புறம் போய், அங்கிருந்து டாக்சி பிடித்தோம். மாடுகள் தெரிந்தன. வயல் தெரிந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். கண்ணாடியையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அப்போதுதான் பண்ணை வீட்டு வேலியில் கட்டம்போட்ட ஒரு கைலிச் சாரம் காய்வதைக் கண்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் சாரம் கட்டுவதில்லை.

அதற்கு அப்பால் இரண்டு வெள்ளை வான் வண்டிகள் நின்றன. ஆட்டிறைச்சிக் கறி மணம் வாசல்வரை வந்து வரவேற்றது. அதன் பின்னால் பனியனோடு மச்சான் ஏரம்பமூர்த்தி வந்தார். என்னை இறுகக் கட்டிப்பிடித்தார்.

"வாரும் மச்சான். உம்மைப்போல ஒரு மனிசனை நான் காணேல்லை."

"நீங்கள்... இஞ்ச..."

"ஆகஸ்டில பாரிசில ஆர் நிப்பினம்? வேலைத்தலமெல்லாம் பூட்டு. சனம் முழுக்க நாட்டுப்புறத்துக்கு ஓடியிடும். நாங்கள் வருசா வருசம் கூடாரம் அடிச்சு மழையில நனையிறனாங்கள். இந்த முறை உம்மட புண்ணியத்தில எட்டு அறை. காலமையே உம்மட பேரைச் சொல்லித் திறப்பும் வாங்கியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு நீர் சொன்னீராம். பதினேழு பேரும் வாயே திறக்கேல்லை."

வசந்தமலர் பக்கம் திரும்பினேன்.

"நீர் சொன்னனீரோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. வீட்டின்ர படத்தை மட்டும் அனுப்பினனான்."

"ஆகஸ்ட் வேண்டாமெண்டு நிண்டனீர்?"

"நிண்டனான். நீங்கள் கேட்டனீங்களே?"

"ஒரு அறை காணுமெண்டு..."

"எவ்வளவு கெஞ்சினனான்."

அவள் போய் அண்ணனின் தோளில் சாய்ந்தாள். ஆறு வருடமாக நேரில் காணாத அண்ணன். கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. அந்த ஆறு வருடத்தை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் கோபிக்கவும் முடியவில்லை. கோபிக்க முடியாததுதான் என் பெரிய கோபம்.

அறைகளைப் பங்கிட்டார்கள். வயதானவர்களுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு இரண்டு, குறட்டை விடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பெண்கள் ஒரு பக்கம் போனார்கள், வசந்தமலரும் அவர்களோடு போய்விட்டாள். வீட்டை எடுத்தவர் என்ற மரியாதைக்கு எனக்கு வரவேற்பறைச் சோபா. உலகம் சுற்றி வந்து மறுபடியும் சோபா.

வீடு என் பெயரில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. வைஃபை இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டார்கள். கக்கூஸ் அடைத்தால் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கார அம்மா வந்து, வளவெல்லாம் ஆட்களைப் பார்த்துவிட்டு, என்னிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். போனில் பிரெஞ்சு படித்திருந்தேன். எனக்கு வந்த ஒரே வசனத்தைச் சொன்னேன். நான் ஓர் ஆப்பிள் சாப்பிடுகிறேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் ஒரு கூடை ஆப்பிள் வந்தது.

பகலில் வெங்காயம் உரித்தேன். பின்னேரம் முன்னூற்றிநாலு என்கிற சீட்டுக் கடதாசி விளையாட்டு. அதில் யார் கள்ளம் செய்தது என்று தீர்ப்புச் சொல்லவும் நானே. இரவில் பெரிய டிவியில் மச்சானின் இளையவளுடைய சாமத்தியச் சடங்கு வீடியோ போட்டார்கள். நான் படுக்கிற சோபாவில்தான் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடியும்வரை எனக்குப் படுக்கையில்லை. நடக்கலாம் என்று வசந்தமலரை வயல் பக்கம் கூப்பிட்டேன். வந்தாள். பின்னால் இரண்டு சித்தப்பாவும் வந்தார்கள்.

பண்ணை வீட்டில் மூன்றாம் நாள் காலை கக்கூஸ் வாசலில் எனக்கு முன்னால் ஆறு பேர். அந்த வரிசையில் நிற்கும்போது ஓர் உண்மை எனக்கு விளங்கியது. இந்தப் பதினேழு பேரும் இங்கே. அப்படியென்றால் பிரான்ஸ் முழுவதிலும் ஆளே இல்லாத, அமைதியான, தனிக் கக்கூஸ் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான்.

மச்சானைத் தனியாக மாமரத்தடிக்கு... மன்னிக்கவும், ஆப்பிள் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். தலையே வேலை செய்யவில்லை.

"மச்சான், ஒரு உதவி. உங்கட பாரிஸ் வீட்டில நான் மிச்ச நாளைக்கு..."

நான் வசனத்தை முடிக்கவில்லை. மச்சான் சாரத்து மடியை அவிழ்த்துத் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"மூண்டு நாள் தாக்குப்பிடிச்சிட்டீர். வசந்தி ரெண்டு எண்டுதான் சொன்னவள்."

"என்ன?"

"பல்கனியில கறிவேப்பிலை மரம் நிக்குது மச்சான். என்ர மனிசி, வசந்தியின்ர மச்சாள், பிள்ளைபோல வளக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டும் தண்ணியில்லாமல் பட்டுப்போகும். இந்த முறை பயப்படாதேங்கோ, ஊத்த ஆள் வருகுதெண்டு போன மாசமே வசந்தி சொல்லிப்போட்டாள்."

ஐஃபல் கோபுரத் திறப்புக்கோர்வைக்கு அப்போதுதான் ஒரு திறப்புக் கிடைத்தது.

வாசலில் வசந்தமலர் நின்றாள். என் பெட்டி அடுக்கித் தயாராக இருந்தது. அதன்மேல் ஆட்டிறைச்சிக் கறிப் பார்சல்.

"நீரும் வாருமன்" என்றேன். குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"நான் எப்பிடி வாறது? உங்களை அங்க கூட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டு சொன்னனான். நீங்களாக் கேட்டு நீங்களாப் போறியள்."

டாக்சியில் ஏறினேன். அவள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். மனம் இளகிவிட்டாள் என்று அவசரமாக இறக்கினேன்.

"போய்ச் சேந்தவுடன ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

"என்ர படமோ?"

"கறிவேப்பிலையின்ர. மச்சாள் யோசிச்சுக்கொண்டு நிக்கிறா."